மூக்காண்டி வாங்கிய அடி

திருட்டு அலாரம் மாட்டுகிற மூக்காண்டியைக் களவாணி என்று அடித்தவர்களில் நானும் ஒருத்தன். அதைச் சொல்லிவிட்டுத்தான் அவரைப் பற்றிப் பேச வேண்டும்.

திருவேங்கடத்துக்காரர். வயது நாற்பத்தைந்து இருக்கும். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிப் பழகிய கை. முடி மாதிரி ஒயரையும் பார்க்காமலே முறுக்கிவிடுவார். சங்கரன்கோவிலில் எங்கள் பக்கம் பாதி கேமரா அவர் மாட்டியதுதான். வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருத்தர்.

எங்கள் தெரு விஜயராஜ் பலசரக்கு மொத்த வியாபாரி. அவர் வீட்டு அலாரத்துக்கும் அவர் வளர்க்கும் பூனைக்கும் ஜென்மப் பகை. பூனை பரணிலிருந்து குதித்தால் சைரன் அலறும். ஒரே மாதத்தில் ஒன்பது தடவை கம்பும் கையுமாக ஓடினோம். ஒன்பது தடவையும் பூனை எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. சோற்றில் வைத்த கையோடு ஓடி வந்தவனுக்கு எரியுமா எரியாதா? யாரையாவது நாலு சாத்து சாத்தினால்தான் ஆறும் என்று ஆகிவிட்டது.

பத்தாவது தடவை பட்டப்பகலில் அலறியது. விஜயராஜ் புளியங்குடியிலிருந்து எனக்குப் போன் போட்டுக் கத்தினார்.

"போன்ல பாக்கேன், கேமரால ஆளு தெரியுதான்வே! மூஞ்சில துணி கட்டிருக்கான். விட்டுராதிய!"

உள்ளே பரணுக்கு ஏணி போட்டு ஒருத்தர் நின்றார். தூசிக்காக முகத்தில் துண்டு கட்டியிருந்தார். ஏணியை இழுத்துத் தள்ளினோம். விழுந்தவரை எழவிடவில்லை. "அண்ணாச்சிதான் வரச் சொன்னாவ" என்று துண்டுக்குள்ளிருந்து கத்தினார். கேட்டது, கேட்டும் அடித்தோம். வாய் உடைந்து துண்டெல்லாம் ரத்தம். தலையை மறைத்த வலது கையில் விறகுக் கட்டை இறங்கியபோது எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. கட்டை என்னுடையது.

துண்டை அவிழ்த்த பிறகுதான் ஆள் யார் என்று தெரிந்தது. பூனை எட்டாத இடத்தில் சென்சாரை மாற்றி வை, சாவி மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது என்று காலையில் அவரிடம் சொன்னதே விஜயராஜ்தான். வியாபார மும்முரத்தில் மறந்துவிட்டார். வாசலில் மூக்காண்டியின் செருப்பு கிடந்தது. அதை மிதித்துக்கொண்டுதான் உள்ளே ஓடியிருக்கிறோம். எந்தக் களவாணி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவான்? வெட்கம் கெட்டவர்கள் நாங்கள்.

மூன்றாம் நாள் நானும் விஜயராஜும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மூக்காண்டியின் மனைவி இசக்கித்தாய் எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆப்பிள் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு விஜயராஜ் குனிந்தார்.

"கேஸு கீஸுன்னு போயிராதயும். அன்னைக்கு நடந்தது பூரா கேமரால பதிஞ்சிருக்கு. அதை எப்படி அழிக்கன்னு மட்டும் சொல்லும்வே."

"போனக் குடுங்க அண்ணாச்சி."

விஜயராஜ் நிம்மதியாக நீட்டினார். மூக்காண்டி இடது கட்டைவிரலால் தட்டுத்தடுமாறி அழுத்தினார். வெகு நேரம் பிடித்தது.

"அழிஞ்சிட்டா?"

"போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பிட்டேன். இந்தக் கையாலதான சம்பாதிச்சேன்? இனி எம்பிள்ளையளுக்கு நீங்களா சோறு போடுவிய?"

போனைத் திருப்பிக் காட்டினார். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. கட்டையை ஓங்கிய என் முகம் தெளிவாகத் தெரிந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.