அறுபது சதவீத மழை

வானிலை சொல்கிறவன் சொன்னது நடக்காவிட்டால் புளுகன், நடந்துவிட்டால் கருநாக்குக்காரன். மூன்றாவதாக ஒரு பெயரை எங்கள் ஊரில் யாரும் இதுவரை எனக்கு வைத்ததில்லை. திருவண்ணாமலையில் ஒரு சின்ன கேபிள் சேனலில் தினமும் மாலை ஐந்து நிமிஷம் வானிலை சொல்கிறேன். ஐப்பசி பிறந்தால் வங்கக் கடலில் ஒரு சுழி கிளம்பும். அது நேராக வருமா, வடக்கே ஆந்திராவுக்குத் திரும்புமா என்பது அதற்கே தெரியாது. எனக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஊகித்துச் சொல்லிப் பிழைக்கிற எல்லோருக்கும் இந்த வலி புரியும்.

முகூர்த்தம்

அடி அண்ணாமலையில் ஒரு வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம். வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா காலையிலேயே ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். "ஞாயித்துக்கிழம மழை வருமா தம்பி?"

அறுபது சதவீதம் வாய்ப்பிருக்கிறது என்றேன். அவர் யோசித்தார். மேலே தகரம் போடச் சொல்லப்போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அந்த மீதி நாப்பது எத்தினி மணிலேர்ந்து எத்தினி மணி வரைக்கும்னு சொல்லு. தாலி கட்டறத அதுல வெச்சிக்கறோம்."

வீட்டு நேயர்

என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. புயல் சமயத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி அவளுடைய சக ஆசிரியைகளிடமிருந்துதான் வரும். எல்லோருக்கும் ஒரே கேள்வி, நாளைக்கு லீவா என்று. லீவு விடுவது கலெக்டர், நான் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஒருநாள் சாப்பிடும்போது மனைவியே கேட்டாள். "காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மேலும் வலுவடையக்கூடும். ஆனால்..." என்று ஆரம்பித்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"டிவில பேசற மாதிரி எங்கிட்ட பேசாதீங்க. காலைல சோறு கட்டணுமா வேணாமா, அத மட்டும் சொல்லுங்க."

பனி

ரஹீம் பாய்க்கு ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் கடை. என் பேச்சைக் கேட்டுக் குடையும் மழைக்கோட்டுமாக வாங்கி அடுக்கிவிட்டார். மூன்று நாளாக வெயில் கொளுத்தியது. அந்தக் கடைப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டிருந்தவன், நாலாம் நாள் மாட்டிக்கொண்டேன். அங்கே மார்த்தா என்ற அமெரிக்க அம்மா நின்றிருந்தார். முந்தின வாரம் மழைக்கோட்டு வாங்கியவர். "மழை சொன்னவரு இவருதான்" என்று பாய் என்னைக் காட்டிக் கொடுத்தார்.

அந்த அம்மா கோபப்படவில்லை. அவருக்குக் கடலோர ஊராம். குளிர்காலத்தில் அங்கேயும் கடலில் புயல் கிளம்பும், ஆனால் கொட்டுவது பனி. ஒரு தடவை முழங்கால் வரைக்கும் பனி விழும் என்று டிவியில் சொல்ல, பள்ளிக்கூடத்தை மூடினார்கள், கடைகளில் ரொட்டிகூட மிஞ்சாமல் ஜனங்கள் வாங்கிப் போய்விட்டார்கள். புயல் கொஞ்சம் விலகியது. இவர் ஊரில் வெறும் தூறல், இருபது மைல் தள்ளி வாசற்கதவைத் திறக்க முடியாத அளவுக்குப் பனி. மறுநாள் டிவியில் வந்து மன்னிப்புக் கேட்ட வானிலைக்காரருக்கு இவர் ஆறுதலாகக் கடிதம் எழுதினாராம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மா சொன்னதை நான் தமிழில் சொல்லச் சொல்லப் பாய் பொறுமையாகக் கேட்டார்.

"மழை வரலன்னா பரவால்ல, அதே குடைய வெயிலுக்கு வித்துக்குவேன். நீ பனி மட்டும் சொல்லிடாத."

இரண்டு வழி

கீழ்பென்னாத்தூர் ஏழுமலைக்கு நாலு ஏக்கரில் நெல். போன வருஷம் அது முற்ற இன்னும் நாலு நாள் இருந்தபோது புயல் கிளம்பியது. உடனே போன் செய்தார். "இப்பவே அறுத்துடலாமா, பொறுக்கலாமா?"

கம்ப்யூட்டர் கணிப்புகளில் முக்கால்வாசி புயலை ஆந்திராவுக்கு அனுப்பின. ஒன்றிரண்டு மட்டும் புதுச்சேரி வழியாக எங்கள் தலைக்கே கொண்டுவந்தன. "ஏதாவது ஒண்ண சொல்லுங்க, ரெண்டையும் சொன்னா சேனல மாத்திடுவாங்க" என்றார் எங்கள் முதலாளி. எனக்கும் ஆந்திராதான் என்று தோன்றியது. ஆனாலும் ஏழுமலையின் குரல் காதிலேயே இருந்ததால், அன்றைக்கு இரண்டையும் சொன்னேன். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

புயல் எங்கள் வழியாகத்தான் வந்தது. வந்தது நகரவும் இல்லை. ஒன்றரை நாள் கொட்டித் தீர்த்தது.

தண்ணீர் வடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு ஏக்கரில் நெல் படுத்து, கதிரிலேயே முளைவிட்டிருந்தது. மீதி இரண்டிலும் புயலுக்கு முன்பே அறுத்த அடித்தாள். ஏழுமலை மண்வெட்டியால் வரப்பை வெட்டித் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டிருந்தார். வரப்பில் ஏறி அருகே போனேன். அவர் நிமிராமலே பேசினார்.

"நீ ரெண்டு வழி சொன்ன, நான் வழிக்குப் பாதி குடுத்தேன். ஆந்திரான்னு மட்டும் சொல்லியிருந்தா நாலையும் நிக்க வுட்டிருப்பேன். உக்காரு, டீ வருது."

எங்கோ நடுக்கடலில் சுற்றுகிற புயலைக்கூட இப்போதெல்லாம் ஓரளவு கணித்துவிடுகிறேன், எதிரே நிற்கிற மனுஷன் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்பதைத்தான் ஒரு தடவைகூடச் சரியாகக் கணித்ததில்லை.