ஹெலன் வூட்டு டிவிக்கு ஒரு முக்காடு

"நம்ம ஏரியாவுக்குன்னா மட்டும் எதுவும் வராது."

இதை ஹெலன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வாள் என்று மேட்டு காலனியில் யாரும் எண்ணியதில்லை. எண்ண உட்கார்ந்தால் வேறு வேலை ஓடாது. தண்ணி லாரி மெயின் ரோட்டோடு திரும்பிப் போனால் சொல்வாள். பிரியாணி கொண்டுவருகிறவர் போனில், "மேடம், லொக்கேஷன் ரொம்ப உள்ள காட்டுது, பஸ் ஸ்டாப்பாண்ட வந்து வாங்கிக்கிறீங்களா" என்று குழைந்தால் சொல்வாள். கேபிள்காரர் சீனுவைப் பார்த்துவிட்டால் மூன்று முறை சொல்வாள். "ஃபைபர் லைனு கோயில் தெரு வரைக்குந்தான் வந்துகீது யக்கா. உங்க ஏரியாவுக்கு இன்னும் சாங்ஷன் ஆவல" என்று சீனு மூக்கால் பேசுவார். அவர் தலை மறைந்ததும் ஹெலன் தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதையே தெருவுக்கு ஒருமுறை பேசிக் காட்டுவாள். சீனுவை விட நன்றாகவே பேசுவாள்.

காலனி திருப்போரூருக்கு வெளியே, புதிதாகக் கல் நட்ட மனைகளைத் தாண்டி இருக்கிறது. ஹெலனின் அம்மா ஊரார் நிலத்தில் களை பிடுங்கியவர். ஹெலன் பொத்தேரியில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் இருபத்திரண்டு வருடமாக அறுநூறு பேருக்குச் சாம்பார் வைக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் விலாசம் எழுதும்போது, "திருப்போரூர்னு மட்டும் போட்டுக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். "மேட்டு காலனின்னு முழுசா போடு சார். உன் பேனா ஒண்ணும் தேஞ்சி பூடாது" என்றாள். தெருவில் பாதிப் பேர் வெளியே போனால் 'கோயிலாண்ட' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். ஹெலன் மாட்டாள். மகள் சிநேகாவையும் அப்படித்தான் வளர்த்தாள். நர்சிங் காலேஜ் விண்ணப்பத்தில் விலாசம் எழுதும்போது பக்கத்தில் நின்று எழுத்து எழுத்தாகப் பார்த்தாள்.

மகளுக்கு இன்னொன்றும் சொல்லித்தந்திருந்தாள். பொங்கலுக்குப் பெண்கள் கயிறு இழுக்கும் போட்டியில் ஹெலன்தான் எப்போதும் கடைசி ஆள். கயிற்று நுனியை முதுகோடு சுற்றி, குதிங்காலை மண்ணில் ஊன்றி, வானத்தைப் பார்த்துச் சாய்ந்துவிட்டால் எதிர்ப்பக்கம் எத்தனை பேர் இழுத்தாலும் அசையமாட்டாள்.

அதனால்தான், நியூசிலாந்தில் நர்ஸாக இருக்கும் சிநேகா அந்த வியாழக்கிழமை வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரலைக் கேட்டதும் ஹெலன் கரண்டியை அண்டாவுக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

"யம்மா, கயிறு இழுக்குற போட்டில எங்க ஆஸ்பத்திரி டீமு ஃபைனலு வந்துட்சு. சனிக்கிழம நம்மூரு டைமுக்கு காலைல ஒம்பது மணி. இங்க டிவில லைவா காட்றாங்கோ. நாந்தான் கடைசி ஆளு."

அன்று சாயங்காலத்துக்குள் காலனிக்கே அழைப்பு போய்விட்டது. எதிர்வீட்டுப் பார்வதம் மட்டும், "உம் பொண்ணு ஊசி போடத்தானே ஏரோப்ளான் ஏறிச்சு?" என்று இழுத்தாள்.

"ஊசியும் போடும், கயிறும் இழுக்கும். நீ ஒம்பது மணிக்கு வந்து குந்திகினு பேசு."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. நெட்டில் வருவதை டிவியில் காட்டும் ஸ்டிக் ஒன்றை கிறிஸ்துமஸுக்கு சிநேகா வாங்கி அனுப்பியிருந்தாள்; அது டிவிக்குப் பின்னால் சொருகியிருந்தது. நெட் என்பது கணவர் பெஞ்சமினின் போன்தான். ஜன்னல் கம்பியில் அது நிமிர்ந்து நின்றால்தான் சிக்னல். மகள் சொன்ன சேனலை ஹெலன் அழுத்தினாள். கறுப்புத் திரையில் இரண்டு வரி இங்கிலீஷ் வந்தது. எட்டாவது வரை படித்தவள், கடைசி வார்த்தையை மட்டும் எழுத்துக் கூட்டினாள். ஏ-ரி-யா.

ரிமோட் மடியில் விழுந்தது.

"பாத்தியாய்யா. நியூசிலாந்து வரைக்கும் சொல்லி வெச்சிருக்கானுங்கோ."

பெஞ்சமின் மனை விற்கிற இடத்தில் வாட்ச்மேன். எதையும் நின்று நிதானமாகப் பார்க்கிறவர். "அவனுக்கு எப்பிடிடி நம்ம காலனி தெரியும்?"

"தெரியாமயா ஏரியான்னு எழுதிகீறான்?"

போனில் சிநேகா சிரித்து முடிக்கவே ஒரு நிமிடம் ஆனது. "காலனிய சொல்லலம்மா. இந்தியா மொத்தத்துக்குமே காட்ட மாட்டான்."

"கோயில் தெருவுக்கும் கெடையாதா?"

"கெடையாது."

"கலெக்டர் வூட்டுக்கு?"

"யாருக்கும் கெடையாதும்மா."

ஹெலனுக்கு அதில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. ஆனால் காலனியையே கூப்பிட்டாயிற்றே.

"விபிஎன்னு ஒண்ணு கீது," என்றாள் சிநேகா. "டிவிக்கு முக்காடு மாதிரி. அத போட்டுகினா நீ எங்கேருந்து பாக்குறன்னு அவனுக்குத் தெரியாது. நியூசிலாந்துலேருந்து பாக்குற மாதிரிதான் தெரியும்."

சிநேகா சொல்லச் சொல்ல ஹெலன் அந்த ஆப்பைத் தேடி இறக்கினாள். மகளுடைய பாஸ்வேர்டைத் திரையில் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து நகர்ந்து அடித்தாள். வலது நாலு, கீழே ரெண்டு, ஒரு அழுத்து. ஒரு எழுத்து தப்பினால் முதலிலிருந்து. பெஞ்சமின் டீ போட்டுக் குடித்து டம்ளரும் கழுவிவிட்டார். கடைசியில் நாடுகளின் பட்டியல் வந்து நின்றது. எந்த நாடு?

ஹெலன் இந்தியாவை அழுத்தினாள். சேனலைத் திறந்தால் மறுபடி ஏரியா.

"யம்மா, நியூசிலாந்த தொடும்மா."

"அட்ரஸ மாத்திச் சொல்ற பழக்கம் எனக்கில்ல."

"எதுக்கு முக்காடு போட்ட பின்ன?"

"நீதான் போடச் சொன்ன."

சிநேகா பல்லைக் கடிப்பது இங்கே கேட்டது. "இங்க நடுராத்திரி ஆயிடுச்சு, நா தூங்கணும். நாளைக்கு கிரவுண்டுல போன் எடுக்க மாட்டேன். நீயே பாத்துக்கோ."

சனிக்கிழமை எட்டரைக்கெல்லாம் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. எட்டே முக்காலுக்கு ஹெலன் இன்னொரு முறை இந்தியாவை அழுத்தினாள், ஒருவேளை மனசு மாறியிருப்பான் என்று. மாறவில்லை.

"இன்னா ஹெலனு," என்றாள் பார்வதம், "படம் ஓடும்னு வந்தா எழுத்து குந்திகினுகீது."

எட்டு ஐம்பத்திரண்டு. கடலுக்கு அந்தப்பக்கம் மகள் இந்நேரம் கயிற்றைப் பிடித்திருப்பாள். முழுசாகச் சொல்லிப் பழகிய விலாசத்தை மறைக்காமல் அவளைப் பார்க்க முடியாது.

ஜன்னலோரம் போனுக்குக் காவல் நின்ற பெஞ்சமின் திரும்பாமலே கேட்டார். "ஞாயித்துக்கெழம முக்காடு போட்டுகினுதானே சர்ச்சுல முன்னாடி நிக்கிற. ஆண்டவருக்கு நீ யாரு, எந்தக் காலனின்னு தெரியாமயா பூடுது?"

ஹெலன் அவரை ஒரு பார்வை பார்த்தாள். இருபத்தெட்டு வருடத்தில் மனிதர் உருப்படியாகப் பேசியது இதுதான் என்கிற பார்வை. பிறகு, கை தானாகப் போனதோ என்னவோ, முந்தானையை இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். பட்டியலில் கீழே இறங்கினாள். நியூசிலாந்து. அழுத்தினாள். திரை ஓரத்தில் பச்சையாக ஒரு சாவி முளைத்தது.

சேனலைத் திறந்தாள். ஏரியா.

கூடமே "ச்சே" என்றது. பெஞ்சமின் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. மிக்ஸி, மோட்டார், ஃபேன் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான். டிவிக்குப் பின்னால் கையை விட்டு ஸ்டிக்கைப் பிடுங்கினார், ஊதினார், திரும்பச் சொருகினார். டிவி தூக்கம் கலைந்ததுபோல மெல்ல எழுந்தது. பச்சைச் சாவி வந்தது. சேனல் திறந்தது.

புல்தரை. தூறல். நீலச்சட்டையில் எட்டுப் பெண்கள், ஏழு பேர் பனைமரம்போல. எட்டாவதாக, கயிற்றை முதுகோடு சுற்றிக்கொண்டு, சின்னதாக ஒருத்தி.

"அதோ கீது பாரு," என்று பார்வதமே முதலில் எழுந்துவிட்டாள்.

விசில் ஊதியது. கயிறு விறைத்தது. நீலச்சட்டைகள் ஒரு அடி முன்னால் இழுபட்டன. ஹெலன் எழுந்து நின்றுவிட்டாள். "குதிங்கால ஊனுடி. கீழ பாக்காத, மேல பாரு. மேல பாருடி." கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒன்றாகப் பின்னால் சாய்ந்தார்கள். கடைசி வரிசைக்காரர் சுவரில் இடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் படம் நின்றது. வட்டம் சுற்றியது. "யாரும் மூச்சு விடாதீங்கோ," என்றார் பெஞ்சமின், போனை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. யாரும் விடவில்லை.

படம் திரும்பியபோது சிநேகா மல்லாக்க விழுந்து வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி அவள் பக்கத்துக் கோட்டுக்கு உள்ளே கிடந்தது. யாரோ ஓடிவந்து அவளிடம் மைக்கை நீட்டினார்கள். இங்கிலீஷ் கடகடவென்று ஓடியது. யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நடுவில் மட்டும், நிறுத்தி நிதானமாக, விண்ணப்பத்தில் எழுதுவதுபோல, மகள் சொன்னாள்: மேட்டு காலனி, திருப்போரூர்.

கூடம் போட்ட சத்தத்தில் பெஞ்சமின் கையிலிருந்து போன் நழுவி விழுந்து, படமும் போனது.

பார்வதம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வம்புக்கு வந்தாள். "பொண்ணு ஒலகத்துக்கே அட்ரஸ சொல்லுது, ஆத்தாக்காரி மறைச்சு வெச்சுப் பாக்குது. இப்ப உன் வூடு எங்கதான் ஹெலனு கீது, இங்கியா, நியூசிலாந்துலியா?"

ஹெலன் தலையிலிருந்த முந்தானையை இறக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என் வூடு கட்ன எடத்துலியேதான் கீது பார்வதம், நா எங்கியும் போவல. நியூசிலாந்துதான் காலைல ஒம்பது மணிக்கு நம்ம ஏரியாவுக்கு வந்துட்டுப் போச்சு, அதுவும் சீனுகிட்ட சாங்ஷன் வாங்காம."