மார்கழியில் வாங்காத டயர்கள்

பனிக்கால டயர்களை அன்றே மாட்டியிருந்தால் என் கணவர் இன்று நடப்பாரா?

நாங்கள் குடியேறிய பீலெஃபெல்ட் நகரில் முதல் பனி விழுந்த கிழமை, "வேலைக்குப் போற றோட்டெல்லாம் வழுக்குது, டயர் வாங்குவமோ?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்திலிருந்த மாமியிடம், கணவரின் அம்மாவிடம், தொலைபேசியில் சொன்னேன். "மார்கழியிலை புதுசா ஒண்டும் வாங்காதேங்கோ பிள்ளை, தை பிறக்கட்டும்" என்றார். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆனாலும் மாமியின் மனம் நோகக்கூடாதென்று கணவரிடம், "கொஞ்சம் பொறுங்கோவன், காரை மெதுவா ஓடுங்கோ" என்றேன்.

மறுநாள் காலை, வளைவில் கார் வழுக்கி மரத்தில் மோதியது. இனி அவரால் நடக்க முடியாது என்று வைத்தியர் சொன்னபோது, எங்கள் சின்ன மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மாமி நாள்தோறும் அழைக்கிறார். "அவன் கவனமா ஓடுறவன் எல்லோ, பிறகு என்னெண்டு நடந்தது?" என்று அழுகிறார். தான் சொன்னது அவருக்கு நினைவில் இல்லை. உண்மையைச் சொல்வதா, நானே சுமப்பதா? உங்களில் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.