கேடயத்தால் அடித்தவன்

கோத்தகிரியில் சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலையை எடைபோட்டு வாங்கும் இடத்தில் சசிகலா அக்காவுக்கு வேலை. மழை நாளில் இலையோடு வரும் தண்ணீருக்காக எடையில் கொஞ்சம் கழிப்பார்கள். சொந்தத் தாய்மாமன் மூட்டைக்கும் அதே கழிவைப் போட்டவர் அக்கா. "மாமன் தோட்டத்துல மட்டும் மழ பெய்யலீங்களா?" என்று வேறு கேட்டிருக்கிறார். மாமன் ஒரு வருஷம் பேசவில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷிக்குத்தான் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில் நாலு பேர் மேசையைச் சுற்றி உட்காருவோம். கோவையில் ஹாஸ்டலில் படித்தபோது அக்காவைப் பிடித்த பைத்தியம் அந்த விளையாட்டு. ஆளுக்கொரு வீரனைக் கற்பனை செய்து நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அக்கா கதை சொல்வார். அடி விழுந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; எண் பெரிதானால் அடியும் பலம். இதெல்லாம் இந்த வயசில் தேவையா என்று கேட்கிறவர்களுக்கு அக்கா வீட்டில் டீ கிடைக்காது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஃபேக்டரி மிஷினில் என் வலது கை போனது. அன்றிலிருந்து ஊரே எனக்கு விட்டுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டது. கேரம் ஆடினால் சுலபமான காயைக்கூட வேண்டுமென்றே தவறவிடுவார்கள். நான் ஜெயிப்பேன், கைதட்டுவார்கள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. ஒரு ஆட்டமாவது எல்லோரையும் போல ஆட வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன்.

அதனால் என் வீரனுக்கும் ஒரு கைதான் எழுதினேன். வாள் கிடையாது. இடது கையில் கேடயம், தடுக்கவும் அதுதான், அடிக்கவும் அதுதான்.

விதிப் புத்தகம் ஒப்புக்கொள்ளவில்லை. கேடயத்தால் அடிப்பது பழகாத கையின் அடி, அதனால் பகடையில் விழும் எண்ணில் இரண்டு குறைக்க வேண்டும். அடித்துவிட்டால், நம் முறை மறுபடி வரும்வரை கேடயம் நம்மைக் காக்காது.

"பாவம், அண்ணனுக்கு மட்டும் ரெண்டு விதியையும் விட்டுடலாங்கக்கா," என்றார் மெடிக்கல் ஷாப் சுபின். தங்கமான மனுஷன்தான். ஆனால் அந்தப் 'பாவம்' என்னைச் சுட்டது. எழுந்து செருப்பைத் தேடினேன்.

"உக்காருங்க பாலகுமார்," என்றார் அக்கா. "உங்க ஆளுக்கு எது பழகுன கை?"

"இருக்கறதே ஒண்ணுதானுங்க."

"அப்ப அதுதான் பழகுன கை. ரெண்டு குறைக்க வேண்டாம். யாருக்கா இருந்தாலும் இதேதான் சொல்லுவேன். ஆனா அடிச்சா கேடயம் காக்காது. அதுல மாத்தமில்ல."

உட்கார்ந்தேன்.

அன்றைய கதையில் ஒரு பாறை அரக்கன் சுபினின் வீரனைக் குகைச் சுவரோடு நெருக்கிக்கொண்டிருந்தான். நான் கேடயத்தால் ஓங்கி அறைந்தேன். பதினெட்டு விழுந்தது. அரக்கன் தடுமாறினான், சுபினின் ஆள் தப்பி ஓடினான். அடுத்தது அரக்கனின் முறை. என்னிடம் தடுக்க ஒன்றும் இல்லை. அக்கா எல்லோர் கண்முன்னாலும் பகடையை உருட்டினார். இருபது.

என் வீரன் செத்தான்.

"அக்கா, இன்னொருக்கா உருட்டுங்க," என்று சுபின் கெஞ்சினார். அக்கா தலையை ஆட்டி மறுத்துவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் தோற்றிருந்தேன். சந்தோஷமாக நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினேன்.

"வேற ஆள் எழுதட்டுங்களாக்கா?"

"எழுதுங்க. இவனுக்கும் ஒரு கைதானா?"

"ஒரு கைதானுங்க," என்றேன்.