கூத்துக்கு ஒரு லிட்டர்

பந்தயக் காருக்கு எரிபொருள் கணக்குப் போடுகிறவர் அவர். பட்டறையில் ‘சொட்டு’ என்றால்தான் தெரியும். டாங்கியில் ஒரு கிலோ கூடினாலும் கார் மந்தமாகிவிடும் என்று சொட்டுச் சொட்டாக அளப்பார். வீட்டிலும் இதே லட்சணம்தான். மனைவி காரோட்டினால் பக்கத்தில் உட்கார்ந்து, “சிக்னல் தெரியுதில்ல, இப்பவே கால எடு” என்பார்.

“இறங்கி நடங்க. அதுல இன்னும் மிச்சமாகும்” என்பாள் அவள்.

ஆறு வருஷமாக அவருடைய அணி ஒரு பந்தயமும் ஜெயித்ததில்லை. முதலாளி ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டார்: “இந்தத் தடவையும் கோட்டை விட்டா, நீங்க வேற இடம் பார்த்துக்கலாம்.”

மனிதர் ஆடிப்போனார். பதினெட்டு வருஷ வேலை அல்லவா! பெட்ரோலோடு பேட்டரியிலும் ஓடும் கார் அது. எந்த வளைவில் பிரேக் போட்டால் பேட்டரிக்கு எவ்வளவு மின்சாரம் திரும்பும், அதனால் எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, வழக்கமாக ஊற்றும் உபரியை வழித்தெடுத்தார். பந்தயம் முடிந்ததும் சோதனைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய ஒரு லிட்டரை மட்டும் விட்டுவைத்தார். அது இல்லாவிட்டால் ஜெயித்தாலும் செல்லாது.

கார் ஜெயித்தது. நம்புங்கள், ஜெயித்தேவிட்டது. சொட்டு அழுதுவிட்டார். ஓட்டுநருக்கோ தலைகால் புரியவில்லை. கூட்டத்தின் முன்னால் டயர் புகைய வட்டம் வட்டமாகச் சுற்றத் தொடங்கினார். பேட்டரி கடைசிச் சுற்றிலேயே காலி. இப்போது எரிந்ததெல்லாம் பெட்ரோல்.

“போதும்பா, நிறுத்துப்பா” என்று சொட்டு ரேடியோவில் கெஞ்சினார். ஓட்டுநர் பாடிக்கொண்டிருந்தார்.

சோதனைக்காரர்கள் உறிஞ்சிப் பார்த்ததில் அறுநூறு மில்லிதான் வந்தது. வெற்றி ரத்து.

“கணக்குல எங்கய்யா தப்பு?” என்றார் முதலாளி.

“கணக்கு சரிதான் சார். ஜெயிச்சா என்ன பண்ணுவோம்னுதான் நினைச்சுப் பார்க்கல. நாம ஜெயிப்போம்னு யாருக்குத் தெரியும்?”

கோப்பை வைக்க முதலாளியும்தான் ஒரு அலமாரி வாங்கியிருக்கவில்லை. வேலை தப்பியது.

அன்றிலிருந்து சொட்டின் கணக்குத் தாளில் கடைசி வரி இது: ‘கூத்துக்கு ஒரு லிட்டர்.’ மூன்று வருஷமாக அந்த ஒரு லிட்டர் ஒவ்வொரு பந்தயத்துக்கும் போய், தோற்று, அப்படியே திரும்பி வருகிறது.

“அந்தக் கனத்தை இறக்குங்க அண்ணே, ஜெயிச்சிடலாம்” என்கிறார் ஓட்டுநர்.

“ஜெயிச்சிட்டு?” என்கிறார் சொட்டு.