இடதுகால் சுவர்

எந்த வாசலில் செருப்பு கிடந்தாலும் என் ஓரகத்தி சும்மா தாண்டிப் போக மாட்டாள். கால் பெருவிரலால் ஒவ்வொன்றின் மூக்கையும் உள்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுத்தான் நுழைவாள். துக்கம் கேட்கப் போன வீட்டிலும் அப்படித்தான். நான் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் செருப்பைத் திருப்பும்போது மட்டும் கொஞ்சம் அழுத்தித் தள்ளுவாள்.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. விளையாட்டு உடைகளும் ஷூக்களும் விற்கும் கடையில் டிஸ்ப்ளே முழுவதும் அவள் பொறுப்பு. பொம்மைகளுக்கு உடை மாட்டுவது, எந்த மேசை எங்கே நிற்க வேண்டும், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பதெல்லாம் அவள் சொல்வதுதான். நான் அதே கடையில், உடை போட்டுப் பார்க்கும் அறைகளின் வாசலில் நிற்பவள். எண்ணிக் கொடுப்பேன், எண்ணி வாங்குவேன், கழற்றிப் போட்டதை மடிப்பேன். வேலை வாங்கித் தந்தது அவள்தான். சோறு போடும்போதுகூட அதைச் சொல்லிக்காட்டுவாள்.

கடையில் அவளுக்குத் தளபதி என்று பெயர். விற்பனைப் பெண்கள் பொம்மைக்குக் கை மாட்டினால் பின்னாலேயே வந்து நிற்பாள்.

"ஏண்டி, ஓடுறவன் இடுப்புல கைய வச்சுக்கிட்டா ஓடுவான்? உங்க வீட்டு ஆம்பளைங்க அப்படித்தான் ஓடுவாங்களா?"

தலையில்லாத பொம்மையும் அவள் முன்னால் குனிந்து நிற்பது போலிருக்கும். ஆனால் அவள் கை பட்ட பிறகு அது ஓடத்தான் செய்யும். கதவுக்கு நேரே மலிவான டீ-ஷர்ட் மேசையை வைப்பாள். ஆள் அங்கே நின்று கை வைத்துவிட்டால், பிறகு கூசாமல் உள்ளே நடப்பான் என்பாள். இதையெல்லாம் நான் ஒத்துக்கொள்கிறேன். அதற்காக அவளை எனக்குப் பிடித்துவிடவில்லை.

நகரத்தின் மறுபக்கம் எங்கள் கம்பெனிக்கு இன்னொரு கிளை உண்டு. அங்கே டிஸ்ப்ளே பார்ப்பவரை எல்லோரும் மீசை என்பார்கள். எந்த ஷூவானாலும் நாடாவை மேலே பூ முடிச்சாகக் கட்டித்தான் சுவரில் வைப்பார். எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து ஒரு தலைமைப் பொறுப்பு வரப்போகிறது என்று பேச்சு வந்ததிலிருந்து, அவளும் மீசையும் போனில்கூடப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஷூ சுவரில் ஜோடியாக வைக்க மாட்டார்கள். திருட்டுக்குப் பயந்து ஒற்றை ஷூ மட்டும்தான். அதன் துணை உள்ளே ஸ்டோர் ரூமில் பெட்டியில் இருக்கும். எல்லாக் கிளையிலும் வலதுகால் ஷூ, எல்லாம் ஒரே அளவு என்பது தலைமை அலுவலக விதி. வலதுகால் ஷூவின் வெளிப்பக்கம் தெரிய வைத்தால் அதன் மூக்கு நம் வலப்பக்கம் பார்க்கும். மீசையின் கடையில் நுழைந்ததும் ஷூ சுவர் இடதுகைப் பக்கம். அங்கே மூக்குகள் எல்லாம் கடைக்குள்ளே பார்க்கும். எங்கள் சுவர் வலதுகைப் பக்கம். எங்கள் மூக்குகள் தெருவைப் பார்த்தன.

"வர்றவனை வெளிய போடான்னு சொல்ற மாதிரி இருக்கு. மூக்கு போற பக்கம்தான் காலும் போகும்," என்றாள் ஒருநாள். "அவன் கடைக்கு வசதியா ஒரு விதியைப் போட்டு வச்சிருக்கானுங்க."

மறுநாள் காலை மொத்தச் சுவரையும் இடதுகாலாக மாற்றினாள். நாடாக்களையும் பிரித்து, வழக்கம்போலக் குறுக்கே போடாமல், ஏணிப்படி மாதிரி நேர்நேராகக் கோத்தாள். யாரையும் தொட விடவில்லை. மேனேஜர் வந்து பார்த்தார். விதி என்னாச்சு என்று கேட்க வாயைத் திறந்தவர், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். உண்மையில் சுவர் அழகாகத்தான் இருந்தது. கூட்டம் தானாக உள்ளே நகர்ந்தது. தலைமைப் பொறுப்பு தனக்குத்தான் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

பிறகு இடதுகால்கள் காணாமல் போக ஆரம்பித்தன.

முதலில் சிரித்தார்கள். ஒற்றைக்கால் திருடன் என்று கிண்டல் செய்தார்கள். விலை கூடிய மாடல்களாகப் பார்த்துப் போனபோது சிரிப்பு நின்றது. துணையில்லாத வலதுகால்கள் ஸ்டோர் ரூமில் குவிந்தன. சுவரில் காலி இடம் தெரியும்போதெல்லாம் அவள் கண் நேராக என்மேல் வந்து நின்றது. என் இடம் சுவரின் கடைசியில், அறைகளின் வாசலில்.

அன்றைக்குச் சாப்பிடும்போது வீட்டார் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"ஒத்தக் காலை எவனாவது திருடுவானா? விக்கவா முடியும், போடவா முடியும்? என் பேரைக் கெடுக்கணும்னு யாரோ ஒளிச்சு வைக்கிறா."

"யாரைச் சொல்றீங்கக்கா?"

"தொட்டதுக்கெல்லாம் வாயே திறக்காதவ இதுக்கு மட்டும் ஏண்டி திறக்கிற?"

என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் மட்டும், "அவளுக்கு ஒளிச்சு வைக்க இந்த வீட்டுல இடம் எங்க இருக்கு? ரெண்டு அலமாரியும் நீதானே வச்சிருக்க," என்றார். அது எனக்காகச் சொன்னதா, அவளைக் குத்தச் சொன்னதா, தெரியாது.

அவள் மேனேஜரிடமும் சொல்லிவிட்டாள். அவர் என்னை அழைத்தார். முகத்தைப் பார்க்காமலே, "இந்த மாசத்தோட நின்னுக்கம்மா. நான் போலீசுக்கெல்லாம் போகலை, குடும்ப விஷயம்னு விட்டுடறேன்," என்றார். எனக்குப் படிப்பில்லை. திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டு வெளியே போனால் எந்தக் கடையும் என்னை உள்ளே விடாது. நான் எடுக்கலை சார் என்றேன்.

அந்த வாரமே மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம், மருமகள்கள் இருவரும், ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி. வாசலில் செருப்புகளைக் கழற்றிவிட்டுப் போகவேண்டும். ஏகப்பட்டது கிடந்தது. ஓரகத்தி, மாமியாரை என் கையில் விட்டுவிட்டு வழக்கம்போலத் திருப்ப ஆரம்பித்தாள். பாதியில் கால் நின்றது.

ஆரஞ்சு நிற ஓட்ட ஷூ ஒரு ஜோடி. இடதுகாலில் நாடா ஏணிப்படி மாதிரி நேர்நேராக இருந்தது. வலதுகாலில் குறுக்கே குறுக்கே போய் மேலே பூ முடிச்சு. மீசை கட்டுகிற முடிச்சு அது.

அவள் கீழே உட்கார்ந்து இடதுகாலைக் கையில் எடுத்தாள்.

"ஏம்மா, அது என்னோடது," என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர், ஒரு கண்ணில் பஞ்சோடு.

"எங்க வாங்குனீங்க?"

"மேம்பாலத்துக்குக் கீழ. பாதி விலை. நாடா ரெண்டும் ரெண்டு விதமா இருந்துச்சு, ஸ்டைலாக்கும்னு விட்டுட்டேன்."

இங்கே இடது, அங்கே வலது, ஒரே அளவு. இரண்டு கடைக்கும் ஒருவன் போய்வந்தால் போதும். மீசையின் சுவரிலும் காலி இடங்கள் இருந்திருக்க வேண்டும். அவர் வெளியே சொல்லவில்லை. தலைமைப் பொறுப்பு அவருக்கும்தான் வேண்டியிருந்தது. இருவரும் ஒருமுறை பேசியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

ஓரகத்தி ஷூவை வைத்த இடத்திலேயே வைத்தாள். நான் பார்த்ததையும் பார்த்தாள்.

"மேனேஜர்கிட்ட சொல்லுவீங்களாக்கா?"

"வாயை மூடு."

பஸ்ஸில் மாமியாரை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு வந்தோம். நான் சொன்னால் யார் நம்புவார்கள்? அவள் சொன்னால் அவள் சுவரை அவளே இடிக்க வேண்டும்.

மறுநாள் கடை திறக்குமுன் என் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று மேனேஜர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இவ திருடலை. எவனோ என்கிட்ட இடதும் அந்த மீசைகிட்ட வலதும் எடுத்து ஜோடி சேர்க்கிறான். மீசையையும் இடதுக்கு மாத்தச் சொல்லுங்க, திருட்டு நின்னுடும்."

மேனேஜர் அன்றைக்குத்தான் வாயை மூடிக்கொள்ளவில்லை. "விதிப்படி வச்சவர் எதுக்கு மாத்தணும்? மாத்தினது நீங்க. இதை மேல சொன்னா உங்க தலையிலதான் விழும், தெரியும்ல?"

"விழட்டும். திருடி இருக்கிற வீடுன்னு பேர் வாங்கிட்டு என்னால தெருவுல நடக்க முடியாது." என் கையை உதறினாள். "உனக்காகச் சொல்லலை. பல்லைக் காட்டாத."

நான் காட்டவில்லை.

இப்போது எல்லாக் கிளைகளுக்கும் டிஸ்ப்ளே பொறுப்பு மீசையிடம் இருக்கிறது. மாதம் ஒருமுறை வந்து எங்கள் சுவரின் முன்னால் நின்று தலையாட்டிவிட்டுப் போவார். சுவரில் வலதுகால்கள் தெருவைப் பார்த்து நிற்கின்றன. ஓரகத்திக்குப் பொம்மைகள் மட்டும்தான். அவை முன்னைவிட வேகமாக ஓடுகின்றன. நான் அறைகளின் வாசலிலேயே நிற்கிறேன். ஒரே பஸ்ஸில் போகிறோம், வேறு வேறு இருக்கையில். வீட்டு வாசலில் எல்லோருடைய செருப்பையும் அவள் இன்னும் திருப்பி வைக்கிறாள். என்னுடையதைத் தொடுவதில்லை.