குச்சவெளிக்குக் கருவாடு வாங்க

இல்லை, திரியாய்க்குப் போய்ச் சேரவில்லை. அங்குள்ள பழைய விகாரைக் குன்றையும் கல்தூண்களையும் பார்க்கத்தான் புறப்பட்டேன். பயணம் குச்சவெளியோடு நின்றுவிட்டது.

1978 ஆவணி, பல்கலைக்கழக விடுமுறை. திருகோணமலையில் காலை ஏழு மணி பஸ். குச்சவெளி இருபது மைலுக்குச் சற்று மேல். வலது பக்கம் இருங்கள், கடல் தெரியும்.

உப்புவெளியில் இருவர் ஏறினார்கள். கைக்குழந்தையுடன் ஸ்டெல்லா. வெறும் ஓலைப்பையுடன் அவளுடைய கணவனின் அக்கா புஷ்பம்.

"கருவாடு வாங்கப் போறம்," என்றாள் புஷ்பம். நான் கேட்கவேயில்லை.

கடற்கரையில் இருப்பவர்கள், கருவாட்டுக்கு இவ்வளவு தூரம்? என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"அது மாமிக்குச் சொன்ன கதை," என்றாள் ஸ்டெல்லா. "இனிப் பிள்ளை வராமலிருக்க லூப் போடப் போறன். அவருக்குத் தெரியும். எங்கட ஊர் கிளினிக்கில போய் இருந்தா, நான் வீட்டுக்கு வர முன்னம் கதை வந்திடும்."

இது நாலாவது குழந்தை. பிரசவத்தில் இரத்தம் நிற்கவில்லை. இன்னொன்று தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். குச்சவெளிக்கு டொக்டர் மாதம் ஒருமுறைதான் வருவார். இன்று அந்த நாள்.

குச்சவெளியில் இறங்கினோம். நான் மாற வேண்டிய திரியாய் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கிளினிக் விறாந்தையில் நிழலும் இருந்தது. நானும் போய் இருந்தேன்.

"நீங்கள் படிச்ச பிள்ளை. அது நெஞ்சுக்கு ஏறுமெண்டு சொல்லுகினம், உண்மையோ?" ஸ்டெல்லா கேட்டாள்.

எனக்குத் தெரியாது. எங்கள் பெண்கள் விடுதியில் இதை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

மருத்துவிச்சி மாதிரிக்கு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். வளைந்த வெள்ளைப் பிளாஸ்ரிக், கீழே ஒரு நூல். "கர்ப்பப்பை ஒரு பை, பிள்ளை. அதுக்கும் நெஞ்சுக்கும் றோட்டு இல்லை."

"நூல் அறுந்தா?" என்றாள் ஸ்டெல்லா. எழுந்து பஸ் றோட்டைப் பார்த்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன்.

புஷ்பம் அதை வாங்கினாள். நூலைக் கண்ணருகே பிடித்தாள். "இது தங்கூசியெல்லோ!" வலைக்குக் கட்டும் நைலோன் நூலைத்தான் அப்படிச் சொல்வார்கள். கடையில் சோதிப்பதுபோல விரலில் சுற்றினாள். பல்லில் கடித்து, ஒரே இழுவை.

"ஐயோ, காட்டுறதுக்கு அது ஒண்டுதான் இருக்கு!" மருத்துவிச்சி பாய்ந்தார்.

அறவில்லை. விறாந்தை முழுக்கச் சிரிப்பு.

"எங்கட வலையில வருசக்கணக்காக் கிடக்குது. சுறாவே அறுக்கேலாது, நீயோ அறுக்கப்போறாய்? போடி உள்ள."

"பூசைக்குப் போனா பாதருக்கு என்ன சொல்லுறது, மச்சாள்?"

"பாதரோ பெறுறவர்?"

ஸ்டெல்லா குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். புஷ்பமும் பின்னால் போனாள். அப்போதுதான் திரியாய் பஸ் வந்தது. குழந்தை என் விரலைப் பிடித்திருந்தது. பஸ் போனது.

கொஞ்ச நேரத்தில் ஸ்டெல்லா வெளியே வந்தாள். வெளிறிய முகம், ஆனால் சிரிப்பு. "இவ்வளவுதானோ? இதுக்கோ கிழமை முழுக்கச் செபம் சொன்னனான்!"

"நோவு கொஞ்சம் இருக்கும். இரத்தம் கூடப் போனா உடனை வாங்கோ," என்றார் மருத்துவிச்சி.

இந்த வழி வருபவர்களுக்கு: தண்ணீர் கொண்டுவாருங்கள், திரியாய் பஸ்ஸைத் தவறவிட்டால் அன்று வேறில்லை. கிளினிக்குக்கு வரும் பெண்களே, உங்கள் மனதில் உள்ளதைக் கேட்டுவிடுங்கள். அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை.

திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது புஷ்பம் தலையில் கை வைத்தாள். "கருவாடு!"

ஓலைப்பை வெறுமையாகக் கிடந்தது. ஸ்டெல்லாவால் நடக்க முடியாது, புஷ்பம் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

நான் பையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய், நெத்தலிக் கருவாடு வாங்கி வந்தேன்.